கண்ணை உறுத்தாத கண்டனம்

மனித குலம் இத்தனை நூற்றாண்டுகளாகப் போரை ஒழிக்க முடியாமல் தவித்ததற்கு ஒரே காரணம், அந்தப் பொறுப்பை மன்னர்களிடமும் மதகுருமார்களிடமும் ஒப்படைத்துவிட்டு, வடிவமைப்பாளர்களை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டதுதான். இந்தக் குறையை எங்கள் சங்கம் தீர்த்து வைத்தது. தீர்த்து வைத்த விதத்தைப் பதிவு செய்வது சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என் கடமை. இதைத் தற்பெருமை என்று யாரும் நினைக்க வேண்டாம். பெருமை உண்டு. 'தற்' மட்டும் கிடையாது. அந்தப் பெருமை சங்கத்துக்குச் சொந்தம்.

அப்போது பக்கத்து நாடுகள் இரண்டு அடித்துக்கொண்டிருந்தன. எங்கள் நாடு நடுநிலை வகித்தது. யார் பக்கமும் சேரவில்லை. கேட்டவர்களுக்குச் சாமான் மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. காலையில் பேப்பரைப் பிரித்தால் இடிந்த வீடும், இடிபாட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் ஆட்களுமாக இருக்கும். எங்கள் தலைவரால் இதைத் தாங்க முடியவில்லை. முக்கியமாக, படத்துக்கும் தலைப்புக்கும் நடுவே மூச்சுவிட இடமில்லாமல் பக்கம் கட்டியிருந்ததை அவரால் தாங்க முடியவில்லை. எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் “இன்னும் கொஞ்சம் இடைவெளி விடுங்க” என்று சொல்லும் பெரிய மனிதர் அவர். ஊரில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது. இடைவெளியார் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

இடைவெளியார் அவசரச் செயற்குழுவைக் கூட்டினார். எல்லோருக்கும் வசதிப்பட்ட நாள் அடுத்த மாதம்தான் அமைந்தது என்பதால், அவசரம் அதுவரை ஒத்திவைக்கப்பட்டது. கண்ணாடிச் சுவர் வைத்த அறையில், நீள்வட்ட மேஜையைச் சுற்றி, நாங்கள் எடுத்த எடுப்பிலேயே ஒருமனதாகத் தீர்மானித்தோம்: போரை எதிர்த்துக் குரல் கொடுப்பது வடிவமைப்பாளர்களின் 'சமூகப் பொறுப்பு'. பொறுப்பு என்றால் என்ன என்று யாரும் கேட்காததால் எதிர்ப்பும் எழவில்லை. ஒரு அறிக்கை வெளியிடுவது, அதையே சுவரொட்டியாக அடித்து ஊரெங்கும் ஒட்டுவது என்று முடிவானது.

வேலை ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. 'போர்' என்ற சொல்லே வடிவமைப்பில் தேறவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் எழுத்துரு வரையும் எங்கள் நிபுணர். மெய்யெழுத்தின் தலையில் புள்ளியை எங்கே வைப்பது என்பதில் வாழ்நாளைக் கழித்தவர் என்பதால் அவரைப் புள்ளியார் என்று மரியாதையாக அழைப்போம். துணைக்காலும் ரகரமும் இப்படி ஒட்டி ஒட்டி நின்றால் தூரத்தில் பார்ப்பவருக்கு இரட்டைக் கால் போலத் தெரியும், பார்வைக்கு ஒரு சமநிலையே இல்லை என்றார். மனித குலம் இந்தச் சொல்லை இத்தனை காலம் எப்படித்தான் சகித்ததோ என்று நாங்கள் வியந்துகொண்டிருக்கும்போதே, விளம்பரத் துறை உறுப்பினர் வேறொரு ஆபத்தைச் சுட்டிக்காட்டினார். 'போர் வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் போட்டால், ஆழ்துளைக் கிணறு போடுவதை நாம் எதிர்க்கிறோம் என்று ஜனங்கள் நினைத்துக்கொள்வார்கள். தண்ணீர்க் கஷ்டம் உள்ள தெருக்களில் சுவரொட்டியோடு சேர்த்து ஒட்டுபவரையும் கிழித்துவிடுவார்கள் என்றார். இளைஞர்களோ, ஏதோ படம் சலிப்பாக இருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

எனவே வேறு சொல் தேடினோம். 'சண்டை' குடும்ப விஷயம் போல ஒலித்தது. 'யுத்தம்' பழைய நாடகத் தட்டி மாதிரி இருந்தது. 'மோதல்' என்றால் லாரியும் பஸ்ஸும் நினைவுக்கு வந்தன. கடைசியில் பொருட்செறிவும் ஓசை நயமும் கூடிய ஒரு தொடர் கிடைத்தது: 'கருத்து வேறுபாடுகளின் தீவிர வடிவம்'. அதில் 'வடிவம்' என்ற சொல் இருந்ததால் எல்லோருக்கும் சொந்த வீட்டுக்குள் வந்த மாதிரி இருந்தது. வினைச்சொல்லில் கொஞ்சம் இழுபறி. 'எதிர்க்கிறோம்' முரட்டுத்தனம். 'கண்டிக்கிறோம்' என்றால் பள்ளிக்கூட வாத்தியார் போல. 'வருந்துகிறோம்' என்று போட்டால் யாரோ இறந்துபோன மாதிரி ஆகிவிடும். 'ஆழ்ந்து யோசிக்கிறோம்' என்பதை மட்டும் எவராலும் குறை சொல்ல முடியவில்லை.

படத்துக்கு முதலில் ஒரு வெள்ளைப் புறாவை வைத்திருந்தோம். புறா பழைய சரக்கு என்பதால் அதன் கண்ணை எடுத்தோம். பிறகு காலை எடுத்தோம். சிறகை எளிமைப்படுத்தினோம். எஞ்சியது ஒரு வளைவு. அது செருப்பு மாதிரி இருக்கிறது என்று ஒருவர் சொன்னதை நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கிவிட்டேன்.

இந்த இடத்தில் என் மச்சினியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் ஒரே தங்கை. படித்து முடித்த கையோடு, நான் நடத்தும் வடிவமைப்பு அலுவலகத்திலும் எங்கள் சங்கத்திலும் சேர்ந்தவள். கைபேசியிலும் கணினியிலும் நாம் பார்க்கும் திரைகளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எதைத் தொட்டால் என்ன வர வேண்டும் என்று வரைவது அவள் வேலை. கெட்டிக்காரி. அலுவலகத்தில் என்னை 'சார்' என்று கூப்பிட வேண்டும் என்பது ஏற்பாடு. கோபம் வந்தால் மட்டும் 'அத்தான்' என்று வந்துவிடும். அதை வைத்து நான் வானிலையைத் தெரிந்துகொள்வேன்.

சங்கத்தில் புறா கரைந்துகொண்டிருந்த அதே வாரங்களில் எங்கள் அலுவலகத்துக்கு ஒரு அருமையான வேலை வந்தது. கொண்டுவந்தவர் ஒரு 'தீர்வுகள்' நிறுவனத்தின் மேலாளர். எதற்குத் தீர்வு என்று பெயர்ப்பலகையில் போட்டுக்கொள்ளாத அடக்கமான நிறுவனம். தீர்ப்பதுதான் அவர்கள் தொழில். எதை, யாரை என்பது வாடிக்கையாளரைப் பொறுத்தது. மேலாளரும் மென்மையான மனிதர். உள்ளே வருமுன் மிதியடியில் காலை நன்றாகத் துடைத்துக்கொண்டுதான் வந்தார்.

அவர் சொன்ன குறை இதுதான். அவர்களுடைய பறக்கும் கருவியை, எங்கோ ஓர் அறையில் திரை முன் உட்கார்ந்து ஆட்கள் இயக்குகிறார்கள். கருவி நன்றாக வேலை செய்கிறது. ஆட்கள்தான் மந்தம். திரையைப் பார்க்கிறார்கள், கண்ணைக் கசக்குகிறார்கள், இன்னொரு முறை பார்க்கிறார்கள், அப்புறம்தான் பொத்தானை அழுத்துகிறார்கள். பார்ப்பதற்கும் அழுத்துவதற்கும் நடுவே ஆகும் நேரத்துக்கு அவர் 'தயக்க இடைவேளை' என்று பெயர் வைத்திருந்தார். அதைக் குறைத்துத் தர வேண்டும்.

அவர் தந்த விவரக் குறிப்பில் 'இலக்கு' என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது. மச்சினியிடம் வேலையை ஒப்படைக்கும்போது அதை நான் 'நோயுற்ற செடி' என்று மாற்றிக் கொடுத்தேன். பறந்து பறந்து மருந்தடிக்கும் கருவி என்று விளக்கினேன். வேலை செய்பவரின் மனம் வேலையை விட்டு அலையாமல் பார்த்துக்கொள்வதுதானே நிர்வாகம்?

அவள் உயிரைக் கொடுத்துச் செய்தாள். மேலிருந்து பார்க்கும்போது ஒவ்வொரு 'செடி'யையும் சுற்றி ஒரு சின்ன வட்டம் விழ வேண்டும். அதற்கு என்ன நிறம் என்று பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். நாள் முழுக்கத் திரையையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்குக் கண் வலிக்கக் கூடாது என்று, கடைசியில் வெளிறிய ஆரஞ்சு ஒன்றைப் பிடித்தாள். கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடத்துக்குப் பொத்தானை நகர்த்தினாள். பழைய திரையில் பொத்தானை அழுத்தியதும் 'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்விப் பெட்டி எழும். 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு பதில் இருக்கும். செடிக்கு மருந்தடிக்க எதுக்கு சார் இத்தனை கேள்வி என்று சிரித்துக்கொண்டே அதைத் தூக்கினாள்.

தயக்க இடைவேளை அநேகமாக மறைந்தே போயிற்று. எங்க ஆட்கள் இப்போ வேலையை முடிச்சிட்டு நேரத்தோட வீட்டுக்குப் போறாங்க என்று மேலாளர் கண் கலங்கினார். அன்று அலுவலகத்தில் எல்லோருமாக அவளுக்குக் கைதட்டினோம். அவள் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகு ஒரு மத்தியானம், அலுவலகச் சாப்பாட்டு அறையில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. நவீனப் போர்முறையைப் பற்றி ஏதோ செய்தி. இயக்கும் அறைக்குள்ளேயே கேமரா போயிருந்தது. ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். அவனுக்கு முன்னால் திரை. திரையில் ஒரு தெரு. தெருவில் ஒரு தண்ணீர் லாரி. லாரிக்குப் பின்னால் வளைந்து நீண்ட வரிசை. வரிசையில் ஒவ்வொருவரைச் சுற்றியும் வெளிறிய ஆரஞ்சில் ஒரு சின்ன வட்டம். பெரிய வட்டங்களுக்கு நடுவே சில வட்டங்கள் ரொம்பச் சின்னதாக, பெரியதோடு ஒட்டிக்கொண்டு இருந்தன. கட்டைவிரல் தானாகப் போய் நின்றது. கேள்வி எதுவும் எழவில்லை. அடுத்த காட்சியில் லாரி குப்புறக் கிடந்தது; கேன்கள் தெருவெல்லாம் சிதறியிருந்தன. மற்றதை மறைத்துக் காட்டினார்கள்.

என் மச்சினி பிசைந்த கையோடு எழுந்து என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள்.

“அத்தான், அது செடி இல்ல.”

நான் பொறுமையாக விளக்கினேன். திரை மட்டும்தான் நம்முடையது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது நம் ஒப்பந்தத்தில் வராது. மூக்குக் கண்ணாடி செய்பவன், போட்டுக்கொள்பவன் எதைப் பார்க்கிறான் என்றா கவலைப்படுகிறான்? அவள் முழுவதையும் கேட்டாள். அவள் கை காய்ந்துகொண்டிருந்தது.

“அந்தக் கேள்வியை நான்தான் எடுத்தேன். அதை மட்டும் திருப்பி வச்சிடலாம் அத்தான். வேற எதுவும் கேக்கல.”

வாடிக்கையாளர் கேட்காத வேலையைச் செய்வது தொழில் தர்மம் ஆகாது என்று சொல்லி அனுப்பினேன். வீட்டுக்குப் போனால் என் மனைவிக்கு அதற்குள் சேதி போயிருந்தது. சண்டை எதுவும் போடவில்லை. செடின்னு சொன்னது யாரு என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரக் கடைசியில் சங்கத்தின் பொதுக்குழு. அறிக்கையை இறுதி செய்வது ஒன்றே பொருள். மேடையில் சுவரொட்டியைப் பெரிதாக மாட்டியிருந்தோம். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். பெரிய வெண்மைப் பரப்பு. ஓர் ஓரத்தில் அந்த வளைவு. அதற்குக் கீழே, கிட்டப் போய்ப் பார்த்தால் தெரியும் அளவில் எங்கள் வாசகம். இடைவெளியார் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று மரபுக்காகக் கேட்டேன். மரபை மதிக்காமல் என் மச்சினி எழுந்து நின்றாள்.

போருக்காக எந்த வேலையும் செய்ய மாட்டோம் என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றாள்.

முன்வரிசையில் இருந்தவர் ராணுவத்துக்கு ஆள்சேர்ப்பு விளம்பரம் செய்து புகழடைந்தவர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் தோட்டாப் பெட்டிக்கு மேலுறை வரைந்து சர்வதேசப் பரிசு வாங்கியவர். இருவரும் கைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். போரை எதிர்ப்பது வேறு, வேலையை எதிர்ப்பது வேறு என்ற நுட்பமான வேறுபாடு அவளுக்குப் புரியவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. இடைவெளியார் மட்டும் நிதானம் இழக்கவில்லை.

“அருமையான வரி. ஆனா இடம் இல்லையேம்மா.”

“முக்கால்வாசி காலியாத்தானே சார் இருக்கு?”

“அது காலி இல்லம்மா. இடைவெளி.”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கும்வரை நின்றுகொண்டே இருந்துவிட்டு, அவள் தான் வரைந்த திரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். செடி என்று சொன்னார்கள் என்றாள். ஆரஞ்சு நிறம் தன்னுடையது என்றாள். தண்ணீர் லாரி வரைக்கும் வந்துவிட்டாள். வாடிக்கையாளர் ரகசியத்தைப் பொது மேடையில் போட்டு உடைப்பதா என்று அரங்கமே கொதித்து எழுந்தது. எங்கள் உறுப்பினர்கள் கோபப்படவே தெரியாதவர்கள் என்று சொல்பவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். புள்ளியார் நாற்காலியின் மேலேயே ஏறிவிட்டார்.

அறிக்கை ஒருமனதாக நிறைவேறியது. ஒரு மனதைத் தவிர.

அடுத்த வாரம் ஒருநாள் காலை அவள் என் அறைக்கு வந்தாள். முகம் கழுவி, தலைவாரி, அமைதியாக இருந்தாள். கேள்வியைத் திருப்பி வைத்துவிட்டதாகவும், புதிய பதிப்பு என்று சொல்லி நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டதாகவும், அவர்கள் அதை எல்லாத் திரையிலும் ஏற்றிவிட்டதாகவும் சொன்னாள். திருட்டுத்தனமாகச் செய்திருந்தால் கூட மன்னித்திருப்பேன். இப்படி முகத்துக்கு நேராகச் சொன்னால் மேலதிகாரி என்னதான் செய்வது? வேலையை விட்டுப் போகச் சொன்னேன். அதுக்குத்தான் பையை எடுத்துட்டு வந்தேன் என்றாள்.

கொஞ்ச நாள் எந்தச் சேதியும் இல்லை. யாரும் கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். பிறகு மேலாளர் வந்தார். மிதியடியில் கால் துடைக்க மறந்து வந்தார்.

நிலைமை மோசம் என்றார். ஆட்கள் மறுபடி மந்தமாகிவிட்டார்கள். கேள்வி எழுந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். திரையை உற்றுப் பார்க்கிறார்கள். சிலர், சொல்லவே கூச்சமாக இருக்கிறது என்றார், 'இல்லை'யை அழுத்துகிறார்கள். ஒருவன் 'இல்லை'யை அழுத்திவிட்டு எழுந்து வராந்தாவுக்குப் போனவன், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறான். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறானாம், இடத்துக்கு மட்டும் வர மாட்டேன் என்கிறானாம்.

“இத்தனை நாள் இல்லாத வியாதி சார். ஒரே ஒரு கேள்வி கேட்டதுக்கு.”

'பயனர் அனுபவம்' இந்த அளவுக்குச் சீரழிந்ததைக் கேட்டு நான் துடித்துப்போனேன். வேறு யாரையும் நம்பாமல், அவர் எதிரிலேயே உட்கார்ந்து, கேள்வியை என் கையாலேயே எடுத்துக் கொடுத்தேன். எடுக்கும்போது ஒரு விஷயம் கவனித்தேன். அவள் 'இல்லை'யைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தாள். கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் இடத்தில். வடிவமைப்பு என்ற வகையில் குறை சொல்ல முடியாத வேலை.

சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு அவளை விசாரித்து, உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியது. குழுவுக்கு நான் தலைமை வகிக்கவில்லை. உறவினர் என்பதால் விலகிக்கொண்டேன். தீர்ப்பை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இப்போது அவள் ஒரு பொது மருத்துவமனையில் வழிகாட்டிப் பலகைகள் செய்கிறாள். எக்ஸ்ரே இந்தப் பக்கம், பிரசவப் பிரிவு அந்தப் பக்கம் என்று அம்புக்குறி போடும் வேலை. பார்த்தவர்கள் சொல்கிறார்கள், அங்கே இப்போது யாரும் வழி கேட்டு நிற்பதில்லையாம். திறமையெல்லாம் வீணாகப் போகிறதே என்று எனக்கு ஆதங்கம்.

சுவரொட்டி பெரிய வெற்றி. வங்கி வரவேற்பறைகள், ஓட்டல் கூடங்கள், ஒரு பல் மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் மாட்டிக்கொண்டார்கள். எந்த நிறச் சுவருக்கும் பொருந்துகிறது என்று பாராட்டுக் கடிதங்கள் வந்தன. பிறகு 'வடிவமும் மனசாட்சியும்' என்று கண்காட்சியே வைத்தோம். செலவு முழுவதையும் தீர்வுகள் நிறுவனம் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டது.

திறப்பு விழாவுக்கு என் மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். தங்கைக்கு வேலை போனதிலிருந்து அவள் என்னிடம் உப்பு, காய்கறி, கரண்ட் பில் தாண்டி எதுவும் பேசுவதில்லை. சுவரொட்டிக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய் வாசகத்தைப் படித்தாள்.

“இதுல யாரு யாரைக் கொல்றாங்கன்னு எங்கயுமே போடலியேங்க?”

பக்கத்தில் மேலாளர் நின்றுகொண்டிருந்ததால் நான் சிரித்து வைத்தேன். அவள் கண்ணாடியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள். பெரிய காரியங்களில் இறங்குகிறவர்களுக்குக் குடும்பத்தில் இப்படிச் சில 'இடைவெளிகள்' வரத்தான் செய்யும் என்று தலைவர் ஆறுதல் சொன்னார்.

சில மாதங்களில் அந்த நாடுகளுக்கிடையே தற்காலிகச் சமாதானம் வந்தது. எங்கள் சுவரொட்டியால்தான் வந்தது என்று நாங்கள் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. போரில் மாண்டவர்களுக்குத் தன் செலவில் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பித் தருவதாகத் தீர்வுகள் நிறுவனம் அறிவித்தது. வடிவமைக்கும் பொறுப்பு, இந்தத் துறையில் எங்களுக்கு இருக்கும் அனுபவத்தை முன்னிட்டு, எங்களிடமே வந்தது.

எளிமையான சுவர். கறுப்புக் கல். வரிசை வரிசையாகப் பெயர்கள். வரைபடத்தைப் பார்த்து மேலாளர் மெய்ம்மறந்து போனார். ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொன்னார். வலதுபக்கம் சுவரை மூட வேண்டாம், பின்னால் நீட்டிக்கொண்டே போக வசதி இருக்கட்டும் என்றார். எத்தனை தூரத்துக்கு என்று கேட்டேன்.

“தாராளமா விடுங்க சார். உங்க திரை நல்லா வேலை செய்யுது.”

அப்படியே செய்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் பரந்த மைதானம் ஒன்றை இப்போதே சமப்படுத்திப் போட்டாயிற்று. செத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பியவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர் உண்டு. இன்னும் உயிரோடு இருப்பவர்களுக்கும் சேர்த்து இடம் ஒதுக்கியவர்கள் நாங்கள்தான்.